‘ப்ளீஸ்’ மட்டும் போதாது: யாங்கோனில் ஒரு மாலை ஆங்கில வகுப்பு

அனோரதா சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், மூன்றாம் மாடியில் நடக்கிறது இந்த வகுப்பு. வருகிறவர்களில் பாதிக்கு மேல் நம் தமிழ்ப் பிள்ளைகள். ஓட்டல் வரவேற்பு, மருந்துக்கடை, சரக்கு அனுப்பும் அலுவலகம் என்று வேலை பார்ப்பவர்கள், சிங்கப்பூர் மலேசியா போகக் காத்திருப்பவர்கள். மொத்தப் பாடத்திட்டத்தையும் இங்கே எடைபோடவில்லை. பிறரிடம் ஒன்றைப் பணிவாகக் கேட்பது, கேட்டவருக்குப் பதில் சொல்வது என்ற ஒரு பகுதியை மட்டும் பார்க்கிறோம். ஒன்றரை மணி நேரம் வீதம் 6 வகுப்பு, தொகுதிக்கு 16 பேர். அட்டை, நகல் செலவெல்லாம் கட்டணத்துக்குள் அடக்கம். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் விளக்கு எரியும், ஃபேன் ஓடாது. தண்ணீர் பாட்டிலும் கைக்குட்டையும் கொண்டு போங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: இந்தப் பகுதிக்காகவே சேரலாம். குறைகளும் உண்டு, அவை திருத்தக்கூடியவைதான்.

இங்கே பள்ளியில் படித்து வருகிற பிள்ளைக்கு ஆங்கில எழுத்தும் இலக்கணமும் ஓரளவு தெரியும், வாய் திறந்து கேட்டுப் பழக்கம் இருக்காது. கையில் இருக்கும் ஒரே பணிவுச் சொல் ‘ப்ளீஸ்’. கட்டளை வாக்கியத்தின் முன்னால் அதை ஒட்டவைத்து, ‘ப்ளீஸ் கிவ் மீ தி ஃபைல்’ என்பார்கள். சொல்கிறவர் மனதில் அது பணிவு. ஆங்கிலத்தில் வளர்ந்தவர் காதில் அது மேலதிகாரி போடுகிற உத்தரவு, கொஞ்சம் மெருகேற்றியது, அவ்வளவுதான். இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்பதை முதல் வகுப்பிலேயே பிரித்துக் காட்டுகிறார் பாடம் எடுக்கும் சயாமா (பர்மியத்தில் ஆசிரியை). தமிழும் பர்மியமும் அவருக்குச் சரளம். அந்த வகுப்பின் பலமே அதுதான்.

பலகையில் மூன்று பத்தி போடுகிறார். முதல் பத்தியில், ‘கொஞ்சம் அந்தத் தண்ணிய எடுத்துத் தர்றீங்களா?’ இதில் பணிவு எங்கே இருக்கிறது என்று கேட்கிறார். பிள்ளைகளே கண்டுபிடிக்கிறார்கள்: ‘கொஞ்சம்’, ‘-ங்க’, கடைசியில் கேள்வியாக்கும் ‘-ஆ’. ‘தயவுசெய்து’ அதில் இல்லவே இல்லை. அது பேருந்து நிலைய அறிவிப்புக்கும் மனு எழுதவும் வைத்திருக்கிற சொல், அம்மாவிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ யாரும் சொல்வதில்லை. இரண்டாம் பத்தியில் பர்மியம். அங்கும் அதே கதை. ‘ஜேசூ ப்யூப்யீ’ என்ற நீளச் சொல் அறிவிப்புப் பலகைக்கு. வாய்ப்பேச்சில் பணிவைச் சுமப்பது ‘பேபா’வில் வருகிற ‘பா’, கடைசியில் தொங்கும் ‘நோ’, ஆண் சொன்னால் ‘கின்பியா’, பெண் சொன்னால் ‘ஷின்’, கூடவே அகோ, அமா, உலே என்ற உறவுப் பெயர். மூன்றாம் பத்தியில் ஆங்கிலம் வரும்போது மேலே சொன்னதில் பெரும்பாலானவை அங்கே கிடையாது. ‘-ங்க’ இல்லை, ‘பா’ இல்லை, முன்பின் தெரியாதவரை அண்ணா அக்கா என்று கூப்பிட முடியாது. முக்கியமாக மிச்சம் இருப்பது இரண்டு வழி: கேள்வியாகக் கேட்பது, வினையை ஒரு படி தள்ளி வைப்பது. ‘கேன்’ என்பது ‘குட்’ (could) ஆகிறது, ‘வில்’ என்பது ‘வுட்’ ஆகிறது. இறந்தகால உருவம் காலத்தைக் குறிக்க வரவில்லை, தூரத்தைக் குறிக்க வருகிறது. இந்த விளக்கத்துக்கு மொத்தம் 25 நிமிடம் ஆகிறது. ‘நமக்குப் பணிவு தெரியாது’ என்ற தாழ்வோடு வருகிற பிள்ளை, ‘நம்மிடம் இருக்கிறது, அங்கே வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது’ என்று புரிந்துகொள்கிறது. வேறு வகுப்புகளில் இதைச் செய்வதே இல்லை. வாய்பாடு மாதிரி பத்து வாக்கியத்தை எழுதிப் போட்டுவிட்டு மனப்பாடம் செய்யச் சொல்வார்கள்.

அனுமதி கேட்பதற்கும் இதே முறை. தமிழில் ‘-லாமா’, பர்மியத்தில் ‘லோ யமலா’. ‘உள்ளே வரலாமா’ என்று நாக்கில் வருகிற இடத்திலெல்லாம் ‘குட் ஐ’ அல்லது ‘மே ஐ’ போடு என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். 16 பேரில் ஒருவர் கூட அதில் தடுமாறவில்லை.

இன்னொன்றையும் முதல் நாளிலேயே தொடுகிறார்: உடம்பு பேசுகிற பணிவு. இந்த ஊரில் ஒரு பொருளை நீட்டும்போது வலது கை நீளும், இடது கை வலது முழங்கையைத் தொட்டு நிற்கும். அந்த ஒரு அசைவிலேயே மரியாதை முழுதும் அடங்கிவிடுவதால் வாய்ச்சொல் குறைவாக இருந்தாலும் யாரும் தப்பாக நினைப்பதில்லை. போனில் பேசும்போது அந்தக் கை தெரியாது. நேரில் தங்கமாகப் பழகும் பெண் போனில் ‘வாட் யூ வாண்ட்?’ என்று வெட்டுகிற மாதிரிக் கேட்பதற்குக் காரணம் இது. டீக்கடையில் உதட்டைக் குவித்து முத்தமிடுகிற மாதிரி ஒலி எழுப்பிப் பையனைக் கூப்பிடுவதும் அப்படித்தான். நமக்கு அது சாதாரணம், வெளியூர்க்காரருக்கு முகம் சிவந்துவிடும். அந்த இடத்தில் ‘எக்ஸ்க்யூஸ் மீ’. அதுவும் ஒரு தரம், லேசாக ஏற்றி, கண்ணைப் பார்த்து.

இரண்டாம் வகுப்பில் அட்டைகள் வருகின்றன, 24 அட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு சூழ்நிலை, கீழே மூன்று கட்டம்: கேட்கப்படுகிறவர் நமக்கு மேலா கீழா, எவ்வளவு பழக்கம், கேட்கிற காரியம் அவருக்கு எவ்வளவு சிரமம். பிள்ளைகள் ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்று முதல் மூன்று வரை புள்ளி வைத்துவிட்டு, பிறகுதான் வாக்கியத்தைத் தேட வேண்டும். இந்த மூன்று அளவுகோல் பெனலோப்பி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் 1978இல் எழுதிய ஆய்விலிருந்து வருவது. பணிவைப் பற்றிப் பேசுகிற யாரும் இன்றுவரை தாண்டிப் போக முடியாத ஆய்வு அது. அவர்கள் ஆதாரமாக எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் ஒன்று தமிழ், கோவை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பேசிய தமிழ். மற்றவை ஆங்கிலமும் மெக்ஸிகோவின் செல்டால் மொழியும். வகுப்பில் இதைச் சொல்லியிருந்தால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

அட்டை நல்ல கருவிதான். குறை அட்டையில் இல்லை, பக்கத்தில் வரைந்த படிக்கட்டில் இருக்கிறது. கீழ்ப்படியில் ‘கேன் யூ’, மேலே ‘குட் யூ’, அதற்கு மேல் ‘வுட் யூ மைண்ட்’, உச்சியில் ‘ஐ வாஸ் வண்டரிங் இஃப் யூ குட்’. படம் பார்க்க அழகு. ஆனால் நீளம் கூடக் கூடப் பணிவு கூடும் என்ற தப்பான கணக்கு தலையில் ஏறிவிடுகிறது. மூன்றாம் நாள் வகுப்பில், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழியிடம் அழிரப்பர் கேட்பதற்கு ஒரு பெண் உச்சிப்படி வாக்கியத்தை முழுதாகச் சொன்னாள். சயாமா ‘வெரி குட்’ என்றார். அது சரியில்லை. பழகினவரிடம் அளவுக்கு மீறிய பணிவு ஆங்கிலத்தில் கோபமாகவோ குத்தலாகவோ கேட்கும். தமிழிலும் அப்படித்தானே? கூடப் பிறந்த தம்பியிடம் ‘தாங்கள் அந்த உப்பை எடுத்துத் தர இயலுமா’ என்றால் வீட்டில் சண்டை என்று அர்த்தம். படிக்கட்டை அழித்துவிட்டு, அட்டைகளில் ஒரு ஆறையாவது ‘சின்ன வாக்கியமே சரி’ என்று வருகிற மாதிரி மாற்றி எழுத வேண்டும். மூன்று கட்டத்திலும் ஒவ்வொரு புள்ளி வந்தால் ‘கேன் யூ பாஸ் மீ தட்?’ போதும். அதற்கு மேல் வேண்டாம்.

மூன்றாம் வகுப்பு ‘வுட் யூ மைண்ட்’. ஆறில் இதுதான் பலவீனமானது, நேரமும் இதில்தான் வீணாகிறது. இரண்டு இடத்தில் தடுக்கும். முதலாவது வடிவம்: ‘வுட் யூ மைண்ட் ஓப்பனிங் தி டோர்’ என்பதற்குப் பதில் ‘டு ஓப்பன்’ என்று வந்துவிடும். ‘வுட் யூ மைண்ட் இஃப் ஐ ஓப்பண்ட்’ என்று இறந்தகால உருவம் வர வேண்டிய இடத்தில் வெறும் ‘ஓப்பன்’ வரும். இதைப் பயிற்சியால் சரிசெய்துவிடலாம், வகுப்பில் செய்கிறார்கள். இரண்டாவது பதில். ‘மைண்ட்’ என்றால் ஆட்சேபணை, சிரமம். ஒப்புக்கொள்கிறவர் ‘நோ’ என்று சொல்ல வேண்டும். சயாமா இதை ஒரு பொறி மாதிரி அறிமுகப்படுத்தி, ஆமாம்–இல்லை அட்டவணை போட்டு, தலைகீழாகச் சிந்தியுங்கள் என்கிறார். பிள்ளைகள் குழம்பி, ‘யெஸ்… நோ… யெஸ், நோ ப்ராப்ளம்’ என்று மூன்றையும் கலந்து கொட்டுகிறார்கள்.

அட்டவணையே தேவையில்லை. ‘உங்களுக்கு ஒண்ணும் சிரமம் இல்லையே?’ என்று கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? ‘சே, ஒரு சிரமமும் இல்லை.’ அதேதான் ‘நாட் அட் ஆல்’. முதல் வகுப்பில் தமிழைத் துணைக்குக் கூப்பிட்ட அதே ஆசிரியர், மிகவும் தேவைப்பட்ட இடத்தில் அதை மறந்துவிட்டார் என்பதுதான் எங்கள் வருத்தம். அதோடு, வாய்ப்பேச்சில் ஆங்கிலக்காரர்களே இந்தக் கேள்விக்கு ‘ஷூர்’ என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துவிடுவார்கள். யெஸ்ஸா நோவா என்று திணறுகிற பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியது மூன்று சொல்: ‘நாட் அட் ஆல்’. சொல்லும்போதே கை கதவை நோக்கிப் போக வேண்டும். கை போனால் பதிலில் சந்தேகம் வராது.

இதே வகுப்பில் சொல்லியிருக்க வேண்டிய வேறொரு சிறு பிழை: ‘குட் யூ ஹெல்ப் மீ?’ என்றதற்கு ‘யெஸ், ஐ குட்’ என்று பதில் வருகிறது. கேள்வியில் ‘குட்’ தூரத்துக்காக வந்தது, பதிலில் தூரம் வேண்டாம். ‘யெஸ், ஆஃப் கோர்ஸ்’, இல்லை ‘யெஸ், ஐ கேன்’. நான்கு பேர் சொன்னார்கள், ஒருவரையும் திருத்தவில்லை. ‘பாரோ’, ‘லெண்ட்’ குழப்பத்தை மட்டும் நன்றாகவே பிடித்தார். பர்மியத்தில் இரண்டுக்கும் ‘ஙா’ என்ற ஒரே வினை, தமிழில் இரவல் என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் கொடு, வாங்கு. அதனால்தான் ‘கேன் யூ பாரோ மீ’ என்று வருகிறது. வாங்குவது ‘பாரோ’, கொடுப்பது ‘லெண்ட்’ என்று இரண்டு கையிலும் ஒரு பேனாவை வைத்து மாற்றி மாற்றிக் காட்டினார். முடிந்தது.

நான்காம் வகுப்புக்காக எவ்வளவு பாராட்டினாலும் தகும். பாடம்: மறுப்பது. பெரும்பாலான ஆங்கில வகுப்புகள் கேட்கக் கற்றுக்கொடுத்துவிட்டு நின்றுவிடும். வேலை செய்யும் இடத்தில் நம் பிள்ளைகள் கேட்பதைவிட, கேட்கப்படுவதுதான் அதிகம். பர்மியத்தில் ‘ஆநாடே’ என்று ஒரு சொல் உண்டு. அடுத்தவருக்குச் சங்கடம் கொடுத்துவிடுவோமோ என்ற கூச்சம் அது. உதவி கேட்கவும் விடாது, முடியாது என்று சொல்லவும் விடாது. நம் வீட்டிலும் ‘முகத்துக்கு நேரே எப்படி மாட்டேன்னு சொல்றது’ என்பதுதானே வளர்ப்பு? மேலாளர் ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா என்கிறார். பெண் குரலைத் தாழ்த்தி, தரையைப் பார்த்து, சிரித்துக்கொண்டே ‘யெஸ்’ என்கிறாள். இந்த ஊர்க்காரர் யாராக இருந்தாலும் அது ‘இல்லை’ என்று புரிந்துகொள்வார். வெளிநாட்டு மேலாளர் காதில் விழுந்தது ‘யெஸ்’ மட்டும். அட்டவணையில் பெயரை எழுதிவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை அவள் வரவில்லை, திங்கட்கிழமை பொய் சொல்கிறவள் என்று பெயர். அவள் மனதில் துளி பொய் இல்லை. ‘ஐ வில் ட்ரை’யும் அதே வகை. நாம் ‘பார்க்கிறேன்’ என்று சொன்னால் பெரும்பாலும் நடக்காது என்று இரண்டு பக்கமும் தெரியும், ஆங்கிலத்தில் முயற்சி செய்வேன் என்ற வாக்கு அது.

இதற்கு வகுப்பு தருகிற பயிற்சி எளிது, கச்சிதம். மூன்று வாக்கியம்தான். முதலில் ‘ஐம் அஃப்ரெய்ட் ஐ காண்ட் கம் ஆன் சண்டே.’ அடுத்து ஒரே ஒரு காரணம்: ‘வி ஹேவ் எ டெம்பிள் ஃபெஸ்டிவல்.’ மூன்றாவது மாற்று வழி: ‘ஐ குட் கம் ஆன் சாட்டர்டே இன்ஸ்டெட்.’ காரணம் ஒன்றுதான், அதுவும் குறிப்பானது. சங்கடத்தில் மூன்று காரணம் அடுக்கினால் எதுவும் உண்மையில்லை என்று தோன்றும். ‘ஐ ஹேவ் எ ப்ராப்ளம்’ என்று மொட்டையாகச் சொன்னால் என்னவோ ஏதோ என்று எதிராளி பயந்துவிடுவார். ‘அஃப்ரெய்ட்’ என்றதும் நாலைந்து பேர் ‘எதுக்கு பயப்படணும்’ என்று கேட்டார்கள். இங்கே அது பயமில்லை, வருத்தம் தெரிவிக்கும் முன்னொட்டு என்று விளக்கினார். அதற்கு இன்னொரு பெரிய உபயோகம் உண்டு, வகுப்பில் விட்டுப்போனது: பர்மிய உச்சரிப்பில் சொல்லின் கடைசி மெய் விழுங்கப்படும். நம் பிள்ளைகளுக்கும் அந்தப் பழக்கம் ஒட்டியிருக்கிறது. ‘காண்ட்’டின் கடைசி ‘ட்’ விழுங்கப்பட்டால் ‘கேன்’ என்று கேட்கும், மறுப்பு சம்மதமாகிவிடும். முன்னால் ‘ஐம் அஃப்ரெய்ட்’ வந்துவிட்டால் கேட்பவர் ‘இல்லை’ வரப்போகிறது என்று தயாராகிவிடுவார். ‘கா’வை நன்றாக நீட்டிச் சொல்லவும் பழக்க வேண்டும்.

இந்த மூன்று வாக்கியத்தையும் இருவர் இருவராக, ஆளுக்கு ஆறு தரம், ஒவ்வொரு தரமும் வேறு ஆளோடு சொல்ல வைத்தார். முதல் இரண்டு தரம் எல்லோரும் சிரித்து நெளிந்தார்கள், ஐந்தாவதில் குரல் நிமிர்ந்தது. மறுப்பைக் கேட்கிற பக்கத்துக்கும் பாடம் உண்டு: ‘நோ ப்ராப்ளம், தேங்க்ஸ் எனிவே’ என்று விட்டுவிட வேண்டும், ‘ஒய்?’ என்று தோண்டக் கூடாது. இந்தப் பக்கத்தைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பை வேறெங்கும் நாங்கள் பார்க்கவில்லை.

ஐந்தாம் வகுப்பு, கேள்வியாக வராத வேண்டுகோள். ஓட்டலில் விருந்தினர் ‘இட்ஸ் எ பிட் வார்ம் இன் ஹியர்’ என்கிறார். நம் பையன் ‘யெஸ் சார், வெரி ஹாட்’ என்று ஒத்துக்கொண்டு நிற்கிறான். அவர் கேட்டது ஏசியை. ‘டூ யூ ஹேவ் எ பென்?’ என்றால் ‘யெஸ்’ என்பது பாதிப் பதில், பேனா நீட்ட வேண்டும். ‘ஐ டோண்ட் சப்போஸ் யூ ஹேவ் அனதர் டவல்?’ என்று எதிர்மறையில் வந்தால் இன்னும் சிக்கல். இல்லை என்று அவரே முடிவு செய்துவிட்டார் போல என்று பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். பத்து வாக்கியத்தைப் படித்துக் காட்டி, ‘இவர் உன்னை என்ன செய்யச் சொல்கிறார்?’ என்று மட்டும் கேட்கிறார். நல்ல பயிற்சி. ஆனால் எல்லாமே சயாமாவின் நிதானமான குரலில். உண்மையில் ‘குட் யூ’ என்பது ‘குஜூ’, ‘வுட் யூ’ என்பது ‘வுஜூ’ என்று ஒட்டி ஓடும். எழுத்தில் நன்றாகத் தெரிந்த வாக்கியமே காதில் புரியாமல் போவது அதனால். பல ஊர்க்காரர் பேசிய ஒலிப்பதிவு பத்து நிமிடமாவது வேண்டும்.

குரல் ஏற்ற இறக்கத்துக்கு ஆறாம் வகுப்பின் கடைசி பத்து நிமிடம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். போதவே போதாது. ‘குட் யூ வெயிட், ப்ளீஸ்’ என்பதில் கடைசிச் சொல் சரேலென்று இறங்கினால் எச்சரிக்கை, மெல்ல ஏறினால் வேண்டுகோள். சொல் ஒன்றுதான். கைப்போனில் தன் குரலைப் பதிந்து, கேட்டு, திரும்பப் பதிவது என்று மூன்று சுற்று போட்டாலே பெரும்பாலானோர் சரிசெய்துகொள்வார்கள். அதற்கு முதல் வகுப்பிலிருந்தே தினம் ஐந்து நிமிடம் கொடுக்கலாம்.

எழுத்தில் கேட்பது முற்றிலும் விட்டுப்போயிருக்கிறது. அலுவலக வேலை பாதி வைபர் செய்தியில் நடக்கிற ஊரில் இது பெரிய ஓட்டை. ‘கைண்ட்லி ரிப்ளை’ என்று நாம் மரியாதையாக எழுதுவது இங்கிலாந்து, அமெரிக்காக்காரர் பலருக்கு அதட்டலாகப் படும். ‘குட் யூ லெட் மீ நோ பை ஃப்ரைடே?’ என்று கேள்வியாக்கி, கெடுவையும் அதற்குள் வைத்துவிட்டால் போதும். ஏழாவதாக ஒரு வகுப்பு சேர்த்தால் இதை முடித்துவிடலாம்.

சேர நினைப்பவர்களுக்கு: மார்ச்சில் பள்ளித் தேர்வு முடிந்ததும் தொடங்கும் தொகுதியில் கூட்டம் அதிகம், ஏப்ரல் நடுவில் பர்மியப் புத்தாண்டான திஞ்ஞான் விடுமுறையால் பாடம் நடுவில் அறுந்துபோகிறது. ஜூனில் தொடங்குவது தொடர்ச்சியாக ஓடும், மழைக்குக் குடை மட்டும் வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆறு மணி வகுப்பு வசதி. எல்லா நாளும் வர முடியாதவர்கள் ஒன்றையும் நான்கையும் தவறவிடாதீர்கள். மூன்றாம் நாள் வராதவருக்குப் பெரிய நட்டமில்லை.